வினையும் நினைவும்

கொரிய நாட்டுத் தொடர்நாடகங்கள் நம் இல்லங்களில் இடம் பிடித்துவிட்டதற்கு இதுவரை சொல்லப்பட்டுவரும் காரணங்கள் யாவும் கண்ணுக்குப் புலப்படும் குணங்களைப் பற்றியவை. நாயகர்களின் வடிவழகு, காதலைத் தொட்டும் தொடாமலும் காட்டும் நாணம், பெரியோர் முன்னிலையில் தலை தாழும் மரியாதை, பதினாறு அத்தியாயங்களில் கதையை முடித்துவிடும் கட்டுப்பாடு என்று அவற்றை எடுத்துரைப்பார்கள். புதுயுகம் தொலைக்காட்சி அந்தத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பிய காலத்திலேயே நம் கல்லூரி மாணவியர் கண்டுகொண்ட குணங்கள்தாம் இவை. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும், ஒரு தேசத்தின் கதை, அதன் பாஷையும் பழக்கவழக்கங்களும் அறியாத மற்றொரு தேசத்தாரை நள்ளிரவு வரை உறங்கவிடாமல் பிடித்து வைக்குமானால், அவர்கள் உள்ளத்தில் ஏற்கெனவே கிடந்து, தகுந்த விடை கிடைக்காமையால் பேசப்படாமலே போன ஏதோ ஒரு கேள்வியை அந்தக் கதை தொட்டிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அந்தக் கேள்வி கர்மத்தைப் பற்றியது. தான் செய்ததை அடியோடு மறந்துவிட்ட ஒருவனுக்கு அதன் பலனை ஊட்டுவது நியாயமாகுமா? ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் செய்கையால் அடிபட்டவனுக்கு, அழுதவளுக்கு, அந்தக் கணக்கில் இடம் எங்கே?

கிம் உன்-சூக் எழுதி, 2016 டிசம்பர் முதல் 2017 ஜனவரி வரை ஒளிபரப்பான 'காப்ளின்' என்னும் தொடர் இந்தக் கேள்வியைத் தன் கதையின் நடுவிலேயே வைத்திருக்கிறது. கொர்யோ அரச காலத்தில் போர்கள் பல வென்று மக்களின் அன்பைப் பெற்ற கிம் ஷின் என்னும் சேனாபதியை, பொறாமையாலும் அச்சத்தாலும் கலங்கிய இளம் அரசன் ஒருவன், அரண்மனையில் தனக்கு ஓதிவந்த சூழ்ச்சிக்காரனின் சொல் கேட்டு, அவன் குடும்பத்தோடும், அவன் தங்கையும் தன் பட்டத்தரசியுமான பெண்ணோடும் சேர்த்துக் கொன்றுவிடுகிறான். கொல்லப்பட்ட சேனாபதி, மார்பில் தைத்த வாளோடு, சாவு மறுக்கப்பட்டவனாய் எழுந்து, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எல்லாவற்றையும் நினைவில் சுமந்துகொண்டு வாழ்கிறான். இக்காலத்துச் சோல் நகரத்தில் அவன் வீட்டில் வந்து குடியேறும் மற்றொருவன் யமதூதன், கருந்தொப்பி அணிந்தவன், தன் பெயரையே அறியாதவன். இறந்தோரை ஒரு தேநீர்க்கூடத்துக்கு அழைத்து வந்து, இந்த ஜன்மத்தை மறக்கச் செய்யும் தேநீரை அவர்கள் கையில் கொடுத்து, மேலே போகும் வாசலைக் காட்டி அனுப்புவது அவன் வேலை. பூர்வஜன்மத்தில் மகா பாதகம் செய்தவர்களே தங்கள் ஞாபகத்தை இழந்து இந்தப் பணிக்கு வருகிறார்கள் என்பதை மட்டும் அவன் அறிவான். அந்தப் பாதகம் இன்னதென்று அறியான். பழைய சித்திரச் சுருள் ஒன்றில் ஒரு பெண்ணின் முகத்தைக் கண்டபோது, காரணம் விளங்காமலே அவன் கண்ணீர் வடிக்கிறான். சன்னி என்னும் பெண்ணை, அவள் வறுத்த கோழி விற்கும் சிறிய கடையொன்றின் சொந்தக்காரி என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல், நேசிக்கிறான். அவளே அந்தப் பட்டத்தரசி. அவனே அந்த அரசன். அவனோடு ஒரே கூரையின் கீழ் உண்டு, சண்டையிட்டு, நண்பனாகிவிட்டவனே அவன் கொல்வித்த சேனாபதி.

மூவரும் ஒருவரை ஒருவர் அறியாமல் அன்பு கொண்டிருக்கும் அந்த நிலையில் எத்தனையோ கதாசிரியர்கள் நின்று, கண்ணீரைத் திரட்டிக்கொண்டு, ஏதோ ஒரு விபத்தால் கதையை முடித்திருப்பார்கள். கிம் உன்-சூக் அப்படிச் செய்யவில்லை. யமதூதனின் நினைவு அவனுக்குத் திரும்பி வருகிறது; அது அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையாகவே வருகிறது. இன்னும் ஆழமான ஒரு வாக்கை அந்தத் தொடரின் தெய்வம் பின்னர் உரைக்கிறது: தான் யாருடைய ஞாபகத்தையும் அழிக்கவில்லை, அந்த அரசன்தான் தன் நினைவை அழித்துக்கொள்ள விரும்பினான் என்பதே அதன் சாரம். மறதி மேலிருந்து வந்து விழுந்த விதி என்று அதுவரை நம்பியிருந்த பார்வையாளனுக்கு, அது பாவியே தேடிக்கொண்ட புகலிடம் என்பது அங்கே புரிகிறது. இந்த ஓர் இடத்துக்காகவே அந்தத் தொடரைத் தத்துவ விசாரத்துக்கு உரிய நூல்களோடு வைத்துப் பேசலாம் என்று நான் துணிகிறேன்.

இவ்விடத்தில், அந்நியக் கதைகள் நம்மைக் கெடுக்கின்றன என்ற கவலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கர்மமும் மறுபிறப்பும் கொரியாவுக்கு அந்நியமாகவே சென்றவை. 372-ஆம் ஆண்டில் சீனத்து அரசன் ஒருவன் அனுப்பிய பிக்ஷு வடக்கேயிருந்த கொகுர்யோ ராஜ்யத்துக்குப் பௌத்த சூத்திரங்களைக் கொண்டு சென்றார். 384-இல் மாராநந்தர் என்னும், நம் பாரத தேசத்தவர் என்று சொல்லப்படும் துறவி, சீனத்திலிருந்து கடல் கடந்து பெக்சே ராஜ்யத்தில் இறங்கினார். நம் யமன் அந்நாட்டில் யோம்ராவாகி, சீனத்துச் சமயக் கற்பனை வகுத்த பத்து நீதிபதி அரசர்களுள் ஒருவராய் அமர்ந்து, இன்றும் கொரிய விஹாரங்களில் இறந்தோருக்கென அமைந்த மண்டபத்தில் க்ஷிதிகர்ப்ப போதிசத்துவரின் பரிவாரமாகக் காட்சி தருகிறார். மரணத்துக்கும் மறுபிறவிக்கும் இடைப்பட்ட நிலை ஏழு வாரம் வரை நீடிக்கலாம் என்று வசுபந்துவின் அபிதர்மகோசம் எடுத்துக் கூறும் ஒரு கொள்கையே, அங்கே நாற்பத்தொன்பதாம் நாள் கிரியையாக வேரூன்றியிருக்கிறது. மறதியை ஊட்டும் பானமோ சீனத்து மெங் போ என்னும் தேவதையின் கைப் பக்குவம். பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் முடிவில் சொல்லும் மறதி ஆற்றுக்கும் அதற்கும் உறவுண்டோ இல்லையோ, மனித மனம் ஒரே அச்சத்துக்கு இரண்டு இடங்களில் ஒரே மருந்தைக் கண்டிருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சில்லா நாட்டிலிருந்து புறப்பட்டு, பாரத தேசம் முழுவதும் யாத்திரை செய்து குறிப்பெழுதி வைத்த ஹ்யெச்சோ என்னும் இளம் பிக்ஷு, தென்னாட்டிலிருந்து சீனம் சென்ற வஜ்ரபோதி ஆசாரியரின் மாணவர். இந்தப் பரம்பரையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், நம் பெண்மக்கள் கைப்பேசித் திரையில் காணும் யமதூதனை அந்நியன் என்று ஒதுக்க எனக்கு நா எழவில்லை.

வியப்பு என்னவெனில், மறுபிறப்பு என்னும் கொள்கை பிறந்த நம் நாட்டில், வெகுஜன சினிமா அதைச் சில வேளைகளில் மேற்கேயிருந்து இரவலாகப் பெற்றிருக்கிறது. 1975-இல் வெளிவந்த 'தி ரீஇன்கார்னேஷன் ஆஃப் பீட்டர் ப்ரவுட்' என்னும் அமெரிக்கப் படத்தில், மனைவியால் ஏரியில் கொல்லப்பட்ட ஒருவன் மறுபிறவி எடுத்து, கனவுகளின் மூலம் தன் பழைய வாழ்வைத் தேடிச் சென்று, அதே ஏரியில் அவளாலேயே மறுபடியும் கொல்லப்படுகிறான். ஐந்து ஆண்டுகளில் அது ஹிந்தியில் 'கர்ஸ்' ஆயிற்று. 1984-இல் தமிழில் 'எனக்குள் ஒருவன்' ஆயிற்று. கடல் கடந்து வந்தபோது கதையின் உள்ளம் மாறிவிட்டது. அமெரிக்கப் படத்தில் நினைவு ஒருவனை மறுபடியும் சாவுக்கே கொண்டு சேர்த்தது; நம்மிடமோ அது பழிவாங்கும் ஆயுதமாயிற்று. பின்னர் வந்த மறுபிறவிப் படங்களை எடுத்துக்கொண்டாலும், 'நான் ஈ' வரையில், கொலையுண்டவன் தன்னைக் கொன்றவனைத் தேடி வந்து கணக்குத் தீர்ப்பதே பெரும்பாலும் கதை. ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963-இலேயே வந்த உயர்ந்த படைப்பு. அதில் மறுபிறவி எடுத்த காதலரைவிட, நூறு வயது கடந்தும் சினம் ஆறாமல், மறுபிறப்பு எடுக்க அவசியமின்றியே முன் ஜன்மத்துப் பகையைச் சுமந்து நிற்கும் அந்த ஜமீன்தார் என் மனத்தை அதிகம் கலக்குகிறார். ஆனால் அவரும் நினைவை வெறுப்பாகவே வைத்திருந்தவர். குற்றம் செய்தவனுக்கு நினைவு திரும்பி, அவன் அந்த நினைவின் முன் கூசி நிற்பதை நம் வெகுஜனப் படங்களில் நான் தேடிப் பார்த்ததுண்டு. அது அரிதாகவே கிட்டுகிறது.

நினைவில்லாதவனுக்குப் பலன் எப்படிச் சேரும் என்ற ஆட்சேபம் நம் முன்னோருக்குத் தெரியாததன்று. மிலிந்த ராஜன் இதே கேள்வியை நாகசேன பிக்ஷுவிடம் கேட்டான். ஒருவனுடைய மரத்து மாங்கனியைத் திருடியவன், 'இவர் நட்டது வேறு மாங்கனி, நான் எடுத்தது வேறு மாங்கனி' என்று வாதாடினால் அவனை விடுவிப்பாயா என்று பிக்ஷு திருப்பிக் கேட்டார். ஒன்றிலிருந்து ஒன்றாய்த் தொடரும் சந்ததி அறுபடாதவரையில், பின்னவன் முன்னவனும் அல்லன், அவனுக்கு வேறானவனும் அல்லன் என்பது அவர் முடிவு. நியாய சாஸ்திரக்காரரோ, பிறந்த குழந்தை யாரும் கற்பிக்காமலே தாயின் மார்பை நாடுவதைக் காட்டி, நினைவு அழிவதில்லை, வாஸனையாய் அடியில் தங்குகிறது என்றனர். இரண்டும் கூர்மையான விடைகளே. ஆயினும், பலனை அனுபவிப்பவன் அதற்கு உரியவன்தான் என்பதை நாட்டுவதோடு அவை நின்றுவிடுகின்றன. மாங்கனி திருடியவனுக்குத் தண்டனை விதிக்கும் எந்த அரசனும், முதலில் அவனுக்கு மருந்தூட்டித் தன் திருட்டை மறக்கச் செய்துவிட்டு, பிறகு எதற்கென்று சொல்லாமல் அவனை அடிப்பதில்லை. தண்டனை திருத்துவதற்கு என்றால், திருந்த வேண்டியவனுக்கு எதில் திருந்துவது என்று தெரிய வேண்டாமா?

இந்த இடத்தில் சைவ சித்தாந்தம் சொல்லும் விடை மற்றெல்லாவற்றினும் கனிவுடையது. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழில்களில், மறைத்தலை இறைவனின் கோபமாகச் சித்தாந்திகள் கொள்ளவில்லை; அதுவும் அருளின் ஒரு வடிவமே என்றார்கள். உயிர் தன் பிறவிகளையெல்லாம் ஒருங்கே காணுமானால், இன்று தன்னை மடியில் வைத்து ஊட்டும் தாய் முன்னொரு பிறவியில் தன்னால் வஞ்சிக்கப்பட்டவள் என்றும், இன்று கைபிடித்த கணவன் தன்னைக் கொன்றவன் என்றும் அறியுமானால், ஒரு கவளம் சோறு அதற்கு உள்ளே இறங்குமோ? ஆகையால், மலம் பக்குவப்படும் வரையில், உலக அனுபவங்களில் ஈடுபட்டு வினையைக் கழிக்கும்படி இறைவன் திரையிட்டு வைக்கிறான். 'காப்ளின்' தொடரின் யமதூதன், அஞ்சி நிற்கும் மனிதர்களிடம் கோப்பையை நீட்டி, மறதி தெய்வத்தின் கருணை என்ற பொருளில் பேசும்போது, தென்னாட்டுச் சைவ மடமொன்றில், மறைத்தலைச் செய்யும் திரோதான சக்தியைப் பற்றிப் பாடம் நடப்பதைக் கேட்பது போலவே எனக்குத் தோன்றிற்று. வாழ்க்கையில் பெரும் துயரம் பட்டவர்கள் இந்தக் கருணையின் மதிப்பை அறிவார்கள். மறதி இல்லாதிருந்தால் மனித குலத்தில் பாதி சித்தம் கலங்கியிருக்கும்.

எனினும் இந்தக் கருணை துயரப்பட்டவனுக்குப் பொருந்துவது போலத் துயரம் இழைத்தவனுக்கும் பொருந்துமா என்று யோசிக்கும்போதுதான், என் மனம் நம் இரட்டைக் காப்பியங்களின் பக்கம் திரும்புகிறது.

மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைத் தொழுத மணிமேகலைக்குத் தன் பழம்பிறப்பு விளங்குகிறது. அப்பிறப்பில் தான் இலக்குமி என்றும், தன் கணவன் இராகுலன் என்றும், அவனே இப்போது தன்னைத் துரத்தி வரும் சோழ இளவரசன் உதயகுமாரன் என்றும் அறிகிறாள். உதயகுமாரனுக்கு அது தெரியாது. ஏன் இந்தப் பெண்ணை விட்டு மனம் அகல மறுக்கிறது என்று விளங்காமலே அவன் அலைகிறான். அவள் காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவம் பூண்டிருந்த வேளையில், காயசண்டிகையின் கணவனான விஞ்சையன் காஞ்சனன், தவறாக எண்ணி அவனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். கதறும் மணிமேகலையைத் தடுத்துக் கந்திற்பாவை என்னும் தெய்வம் காரணம் சொல்கிறது: முற்பிறவியில், முனிவருக்கென ஆக்கிய உணவை ஏந்தி வந்த மடையன், அதாவது சமையற்காரன், கால் தவறிக் கலத்தைச் சிதைத்ததற்காக, இராகுலன் அவனை வெட்டினான்; அந்த வினை இப்போது வந்து பயன் தந்தது. சிலப்பதிகாரத்திலோ கோவலன் வெட்டுண்ட பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குத் தோன்றி, அவன் பரதன் என்ற பெயரோடு வாழ்ந்த முற்பிறவியில் சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் எனப் பொய் கூறிக் கொல்வித்ததையும், சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலறித் திரிந்து, சாபமிட்டு உயிர் விட்டதையும் உரைக்கிறது.

இரு காப்பியங்களிலும் ஒரே அமைப்பு இருப்பதைக் கவனிக்க வேண்டும். வெட்டுண்ட இருவரும் காரணம் அறியாமலே இறந்தார்கள். காரணமோ, அவர்களை இழந்து நிற்கும் பெண்ணிடம், தெய்வத்தின் வாயால், எல்லாம் முடிந்த பின்னர் சொல்லப்பட்டது. கோவலன் கடைசி மூச்சு வரையில் சங்கமனை நினைக்கவில்லை; நினைக்க வழியும் இல்லை. அந்த மடையனோ! கையில் கலத்தோடு கால் இடறிய அந்த ஏழை, பிறகு எங்கே பிறந்தான், தன்னை வெட்டியவன் வெட்டுண்டதை அறிந்தானா, அறிந்து அவனுக்கு ஆறுதல் பிறந்ததா என்று காப்பியம் ஒரு சொல் சொல்லவில்லை. அவனுக்காக வாள் எடுத்தவன் அவனை அறியாத ஓர் அந்நியன். அந்த அந்நியனும் தன் மனைவியின் பொருட்டு எழுந்த சினத்தால் எடுத்தான். எடுத்து, தானும் ஒரு வினையைச் சேர்த்துக்கொண்டான். நீலிக்காவது சாபமிட ஒரு மலையுச்சி கிடைத்தது. மணிமேகலைக் காப்பியத்தைப் பாடிய சாத்தனாரின் மேதைக்கு முன் கைகூப்பி நிற்பவன் நான். காப்பியத்தின் நோக்கம் மணிமேகலையின் துறவே என்பதையும், அதற்கு வேண்டிய அளவே அவர் சொன்னார் என்பதையும் உணர்கிறேன். ஆனாலும் அந்த மடையனின் மௌனம் எனக்குப் பொறுக்கவில்லை. கர்ம நியாயம், செய்தவனுக்கும் விதிக்கும் இடையே நடக்கும் வரவு செலவாக மட்டும் சுருங்கி, அடிபட்டவனை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டதோ என்ற சந்தேகத்தை, கல்வியறிவு மிக்க எத்தனையோ பெரியோர்களின் பாஷ்யங்கள் எனக்குத் தீர்த்து வைக்கவில்லை.

2017-இல் வெளியாகி, கொரியாவில் மட்டும் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்கு சென்று கண்ட 'அலாங் வித் த காட்ஸ்' என்னும் படத்தில், தீயணைப்பு வீரன் ஒருவன் பணியில் உயிரிழந்து, நாற்பத்தொன்பது நாட்களில் ஏழு நியாய சபைகளைக் கடந்து செல்கிறான். படத்தின் நெருப்பும் புயலும் ஹாலிவுட்டிடம் கற்ற வித்தை. அவற்றைப் பற்றிப் பேச எனக்கு ஆர்வமில்லை. கடைசிச் சபையில், பெற்றோருக்குச் செய்த துரோகத்துக்கான விசாரணையில், அவன் வாழ்நாள் முழுவதும் மறைத்துச் சுமந்த ரகசியம் வெளியாகிறது: வறுமையின் கொடுமை தாங்காமல், சிறுவனாயிருந்தபோது, நோயுற்றுக் கிடந்த ஊமைத் தாயைக் கொல்லத் தலையணையோடு அவள் படுக்கையருகே சென்றிருந்தான். அதற்குப் பின் வீட்டை விட்டு ஓடி, திரும்பி வர முகமில்லாமல், உழைத்து உழைத்துப் பணம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாத மற்றொரு ரகசியமும் அங்கே வெளியாகிறது. தாய் அந்த இரவில் உறங்கவில்லை, அனைத்தையும் அறிந்திருந்தாள், அறிந்தே மன்னித்திருந்தாள். பூவுலகில் மெய்யாக மன்னிக்கப்பட்ட குற்றத்தை மேலுலகம் விசாரிக்க அதிகாரம் இல்லை என்ற விதியின்படி, யோம்ரா ராஜனின் சபை கலைகிறது.

இந்த விதி எந்தச் சூத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தேடுவதில் பயனில்லை. கதை சொன்னவர்களின் நெஞ்சிலிருந்து வந்தது என்றே கொள்வேன். அதன் துணிவைப் பாருங்கள். பலனை அனுபவித்தே தீர வேண்டும் என்று கர்மவாதி சொல்கிறான். இறைவன் அருளால் தீரும் என்று பக்தன் சொல்கிறான். இந்தக் கதையோ, யாருக்குத் தீங்கு இழைக்கப்பட்டதோ அவருடைய கையில் சாவியைக் கொடுத்து, யமனையே வாசலில் நிறுத்திவிடுகிறது. அதன் இரண்டாம் பாகத்திலும், முன் ஜன்மத்தில் தன்னால் அழிந்தவர்களையே சகபாடிகளாய் வைத்துக்கொண்டு, அவர்கள் எல்லாம் மறந்திருக்க, தான் மட்டும் ஆயிரம் ஆண்டு நினைவோடு யமதூத வேலை செய்யும்படி ஒருவன் விதிக்கப்பட்டிருக்கிறான். மன்னிப்புக் கேட்பதற்கென்றே கொடுக்கப்பட்ட நினைவு அது.

அந்தச் சாவியை எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே நாட்டில் லீ சாங்-டாங் 2007-இல் எடுத்த 'சீக்ரெட் சன்ஷைன்' காட்டியிருக்கிறது. கணவனை இழந்து, அவன் ஊருக்குக் குடிவந்து, அங்கே தன் ஒரே மகனையும் ஒரு கொலைகாரனிடம் பறிகொடுத்த தாய், கிறிஸ்தவ சபையில் ஆறுதல் பெற்று, அந்தக் கொலைகாரனை மன்னிக்க வேண்டுமென்று சிறைக்குச் செல்கிறாள். அவனோ சாந்தமான முகத்தோடு, தானும் ஆண்டவரைக் கண்டுகொண்டதாகவும், அவர் தன்னை மன்னித்துவிட்டதாகவும் சொல்கிறான். தான் மன்னிப்பதற்கு முன் தன் தெய்வம் எப்படி மன்னிக்கலாம் என்ற கேள்வியில் அந்தத் தாயின் உள்ளம் உடைந்து சிதறுகிறது. தாயாக நடித்த ஜொன் டோ-யோனுக்குக் கான் திரைவிழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அந்த முகத்தில் எழுந்த கேள்விக்கு எந்தச் சமயத்தின் பண்டிதரும் எளிதாக விடை சொல்லிவிட முடியாது. கிறிஸ்தவத்தைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. எல்லாத் தெய்வக் கொள்கைகளிலும் இந்த அபாயம் உண்டு. இறைவனோடு நேரே கணக்கு முடித்துக்கொண்டவன், பக்கத்து வீட்டில் அழுதுகொண்டிருப்பவளை மறந்துவிடச் சௌகரியமான வழி அங்கே திறந்து கிடக்கிறது.

நம் பெரியோர்களில் இதை உணர்ந்தவர்கள் இல்லாமலில்லை. பாகவதத்தில், அம்பரீஷனுக்குத் தீங்கு நினைத்த துர்வாச முனிவரைச் சக்கராயுதம் துரத்துகிறது. அவர் பிரம்மலோகமும் கைலாசமும் ஓடி, முடிவில் வைகுண்டத்தில் திருமாலின் அடியில் விழும்போது, பகவான் தன்னால் ஆவதொன்றுமில்லை, அம்பரீஷனிடமே போ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். சர்வேசுவரன் தன் அதிகாரத்தை அடிபட்டவனின் காலடியில் வைத்த இந்த இடத்தை நம் உபந்நியாசகர்கள் பக்தனின் மகிமைக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துரைப்பார்கள். பாகவத அபசாரத்தைப் பற்றி வைஷ்ணவ ஆசாரியர்கள் எச்சரித்ததும் அந்த வழியிலேயே. அம்பரீஷன் அரசன், பரம பக்தன். கலம் ஏந்தி இடறிய மடையனுக்கும் அந்த உரிமை உண்டு என்று விரித்துரைத்தவர் யார்?

காளிதாசனும் இவ்விஷயத்தில் ஓர் அடி எடுத்து வைத்து, பின்வாங்கிவிட்டான் என்று எனக்குப் படும். மகாபாரதத்துத் துஷ்யந்தன் சகுந்தலையை அறிந்தே அறியேன் என்கிறான். காளிதாசன், தன் நாயகன் அவ்வளவு தாழ்வதைப் பொறாமல், துர்வாசரின் சாபத்தைக் கொண்டுவந்து மறதியை அவன் மேல் போர்த்தினான். நினைவு திரும்பியபின் அரசன் வருந்துவதும், அவள் அடியில் விழுவதும் உலக இலக்கியத்தில் ஒப்பற்றவை. ஆயினும் முடிவில் சாபத்தின் கதையைச் சொல்லி அவனைக் குற்றமற்றவனாக்கியபோது, அவள் மன்னிப்பதற்கென்று மிஞ்சியிருந்ததும் அவளிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. அதே நாடகத்தில், எங்கிருந்தோ வரும் கீதத்தைக் கேட்டு, எல்லாச் சுகமும் வாய்த்திருந்தும் காரணமின்றி மன்னன் மனம் ஏங்குகிறது. ஜன்மாந்தரத்து அன்பின் வாஸனைதானோ என்று அவன் மயங்கும் அந்தக் கட்டத்தை அபிநவகுப்தர் தம் ரஸ விசாரத்தில் எடுத்தாண்டிருக்கிறார். பார்ப்பவன் உள்ளத்தில் முன்பே வாஸனை இல்லையேல் ரஸம் பிறவாது என்பது அவர் சித்தாந்தம். சித்திரச் சுருளைக் கண்டு காரணமறியாது அழுத அந்தக் கொரிய யமதூதனைக் கண்டு தமிழ்நாட்டில் ஒரு பெண் அழுவாளானால், கொரிய வியாபாரிகளின் சாமர்த்தியம் அவளை அழவைத்தது என்று சொல்பவர்கள், அபிநவகுப்தரைப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

ஆட்சேபம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அடிபட்டவர் கையில் சாவியைக் கொடுப்பது அவர்மேல் மற்றொரு சுமையை ஏற்றுவதாகாதா? மன்னிக்க முடியாதவளை, மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று ஊரார் நெருக்குவது நாம் காணாததா? பெண்ணாய்ப் பிறந்தவளிடம் பொறுமையைக் கடமையாகக் கேட்டுப் பழகிய சமூகத்தில் இந்த ஆட்சேபம் மிக வலுவானது. 'காப்ளின்' தொடரில் சன்னிக்குத் தன் பழம்பிறவி நினைவு வந்தபோது, அதை உணர்ந்த யமதூதன், மகிழ்ந்த கணங்களை மட்டும் வைத்துக்கொண்டு துயரையும் தன்னையும் மறந்துவிடும்படி, தனக்குள்ள சக்தியால் அவளை மயக்க முயல்கிறான். அன்பினால்தான் செய்தான், ஆனாலும், ஒருகாலத்தில் தன் நினைவை அழித்துக்கொண்டதைப் போலவே அவள் நினைவையும் அழிக்கப் பார்த்தான். அவள் மறக்கவில்லை. மறந்தவள் போலச் சில நாள் இருந்துவிட்டு, தான் அனைத்தையும் அறிவேன் என்பதை அவனுக்கு உணர்த்துகிறாள். அவனைச் சபிக்கவில்லை; பழிவாங்கவில்லை; அவனை நேசிப்பதையும் மறுக்கவில்லை. தன் அண்ணனைக் கொன்றவனோடு இந்த ஒரு ஜன்மத்தில் வாழ மாட்டேன் என்று மட்டும் தீர்மானித்து, கடையை விட்டு, ஊரை விட்டுப் போய்விடுகிறாள். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பின், அவள் ஆயுள் முடியும் வேளையில், அழைத்துச் செல்ல வருபவன் அவனே. அதுவரையில் அவன் காத்திருந்தான். வேறு எதுவும் செய்ய அவனுக்கு உரிமை இருக்கவில்லை.